பைண்டுக்குள் போன கரிசல்

கி.ராஜநாராயணனின் முதல் கதையான 'மாயமான்' 1958இல் 'சரஸ்வதி'யில் வந்தது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல்காரரின் அந்தக் கதையை இன்று தொகுப்பில் யாரும் படித்துவிடலாம். விஜயபாஸ்கரன் நடத்திய அந்த இதழையே புரட்ட வேண்டுமென்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு சேகரிப்பாளரின் பீரோவைத்தான் நம்ப வேண்டும்.

சேகரிப்பவர்களால் கிடைக்கும் முதல் நன்மை இதுதான். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' அதே 'சரஸ்வதி'யில் 1959இல் தொடராகத் தொடங்கிப் பாதியில் நின்றது; 1966இல்தான் நூலானது. இடையில் எழுத்தாளர் எதை மாற்றினார் என்று பார்க்க நூல் போதாது, இதழ் வேண்டும். சந்தா கட்டிய சிலர் எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான் இந்த ஒப்பீடே சாத்தியமாகிறது.

ஆனால் எதை வைத்திருக்கிறோம் என்பதில்தான் கோளாறு. தொடரை மட்டும் வாராவாரம் கிழித்தெடுத்து பைண்டு பண்ணுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். ஜூனியர் விகடனில் வந்த கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யை அப்படிச் சேர்த்தவர்களால் ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களும் சேர்ந்து தப்பின. அதே பைண்டில் அட்டை இல்லை, விளம்பரம் இல்லை, வாசகர் கடிதம் இல்லை. ஓரம் வெட்டியதில் சில பக்கங்களில் தேதியும் போயிருக்கும். தாளின் பின்பக்கத்தில் வேறொரு கட்டுரை பாதியில் அறுந்து கிடக்கும். எந்தச் செய்திகளுக்கு நடுவே மக்கள் அந்தக் கடுதாசியைப் படித்தார்கள் என்பதற்கு அதில் தடயமே இல்லை.

இன்னொரு குறை பெயர் மோகம். கோவில்பட்டியிலிருந்து கோணங்கி கொண்டுவந்த 'கல்குதிரை'யின் தாஸ்தயெவ்ஸ்கி, மார்க்வெஸ் சிறப்பிதழ்களைப் பொக்கிஷமாக வைத்திருப்பவர், இரண்டே இதழோடு நின்றுபோன உள்ளூர்ப் பத்திரிகையைப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிடுவார். பெரிய பெயர்களுக்கு மறுபதிப்பு வரும். உள்ளூர்ப் பத்திரிகைக்கு அந்தப் பிரதியே கடைசியாக இருக்கலாம்.

மூன்றாவது, பட்டியல் இல்லாமை. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்த பின் அவருடைய சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது; 1994இல் சென்னையில் அது ஆய்வு நூலகமாயிற்று. அட்டவணையும் நுண்படமும் வந்த பிறகே அது எல்லோருக்கும் பொதுவானது. எல்லாச் சேகரிப்புக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை. அச்சுத்தாள் பழுத்து ஒடியும், பின் துருவேறும், கரையான் ஏறும். பீரோவில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்கே தெரியாது.

ஆகவே அரிய பிரதி எத்தனை இருக்கிறது என்பதை வைத்து ஒரு சேகரிப்பை மதிப்பிடக் கூடாது. இதழ் முழுசாக இருக்கிறதா, எந்த மாதத்து இதழில் யார் எழுதினார்கள் என்று ஒரு நோட்டிலாவது குறித்திருக்கிறதா, கேட்டு வருபவருக்கு நகலெடுக்கக் கிடைக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் இல்லையென்றால், பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டியதைச் சில காலம் தள்ளிப்போட்டதாகவே அர்த்தம்.