போக்கர் நூல்கள்: தொடக்க வாசகர் எங்கே தொடங்குவது?

சீட்டாட்டங்களில் பிரிட்ஜும் போக்கரும் தமக்கென்று தனி நூலகமே சேர்த்துக்கொண்டவை. போக்கருக்கான நூலகம் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்தது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது. தமிழ் வாசகரில் பலருக்கு அந்த ஆட்டம் அறிமுகமானது கைப்பேசி விளம்பரங்கள் வழியாக. விளம்பரம் பணத்தைக் காட்டியது. நல்ல போக்கர் நூல்கள் பேசுவது வேறு. எதிரில் இருப்பவர் கையில் என்ன சீட்டு என்று தெரியாத நிலையில், தெரிந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு எப்படி முடிவெடுப்பது என்பதே அவற்றின் பொருள். அதை எவ்வளவு தெளிவாகக் கற்றுத்தருகிறது என்பதையே அளவுகோலாக வைத்து இக்கட்டுரை நூல்களை மதிப்பிடுகிறது. எந்த நூல் வருமானம் தரும் என்ற கேள்வியை இது ஒதுக்கிவைக்கிறது. அதற்குச் சட்டமும் காரணம், கணக்கும் காரணம்.

ஆட்டமும் சட்டமும்

நான் வாழும் புதுச்சேரிக் கதிர்காமத்தில் ரம்மி தெரியாத வீடு குறைவு. திண்ணையிலும் கல்யாண மண்டபத்திலும் கட்டு பிரிப்பதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. நீதிமன்றமும் ரம்மியைத் தனியாகவே பார்த்திருக்கிறது. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்யநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில், 1967இல், உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்றது. மூன்று சீட்டு போன்ற ஆட்டங்கள் முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்தவை என்று அதே தீர்ப்பு பிரித்துக் காட்டியது.

போக்கரின் இடம் அவ்வளவு தெளிவாக அமையவில்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் அதைச் சூதாட்டத்தின் பக்கம் வைத்தது. தமிழ்நாட்டில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் அரசைச் சட்டம் இயற்றத் தள்ளின. முதல் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த புதிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, அவற்றுக்கான முழுத் தடையை மட்டும் உயர் நீதிமன்றம் விலக்கியது. நேரத்துக்கும் வயதுக்கும் வரம்பு விதிக்கும் அதிகாரம் அரசிடமே இருந்தது.

இந்தச் சட்டங்கள் தமிழ்நாட்டு எல்லையோடு நின்றவை, புதுச்சேரிக்குப் பொருந்தாதவை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் நாடு முழுவதற்குமானது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற நெடுநாள் வழக்கை அது ஓரமாக வைத்துவிட்டது. இணையத்தில் பணம் வைத்து ஆட வழிசெய்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவரை அது தண்டிக்கவில்லை. ஆட்டக் களத்தை மூடியது.

சட்டம் இல்லாவிட்டாலும் கணக்கு இருக்கிறது. போக்கரில் ஒருவர் வெல்லும் பணம் இன்னொருவர் இழந்த பணம். நடத்துகிறவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொள்வதால், மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கையிருப்பு குறைந்தே தீரும். புத்தகம் படித்த எல்லோரும் வெல்ல முடியாது. ஆகவே வருமானம் தருவதாக வாக்குறுதி தரும் தலைப்புகளைத் தொடக்க வாசகர் தயங்காமல் தள்ளிவைக்கலாம்.

பிரெஞ்சு வேர், தமிழ் வேர்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் வாழும் வாசகருக்கு இந்த ஆட்டத்தோடு ஒரு பழைய உறவு உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆடிய போக் என்ற சீட்டாட்டம், இன்னொரு பழைய பிரெஞ்சுக் குடியிருப்பான நியூ ஆர்லியன்சில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போக்கராக உருமாறியது என்பது ஆட்ட வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது. இன்னொரு பிரெஞ்சுக் கணித அறிஞர் எமில் போரெல் 1938இல் வெளியிட்ட நூலில் போக்கரின் எளிய வடிவம் ஒன்றைக் கணித மாதிரியாக ஆராய்ந்தார். கணித அறிஞர் ஃபான் நாய்மனும் பொருளியல் அறிஞர் மார்கன்ஸ்டர்னும் 1944இல் எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்குத் தனிப் பகுதி உண்டு. வலுவில்லாத கையை வைத்துக்கொண்டு துணிந்து பந்தயம் வைக்கும் பிளஃப், வெறும் ஏமாற்று வேலையல்ல, சரியான ஆட்டத்தின் ஓர் உறுப்பு என்பதை அவர்களின் கணக்கு நிறுவியது.

தமிழ் மரபும் இந்தப் பொருளுக்கு அந்நியமானதல்ல. திருக்குறளில் சூது என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆட்டம் செல்வத்தையும் பெயரையும் தின்னும் விதத்தை அது பத்துக் குறள்களில் அடுக்குகிறது. தெரிந்து செயல்வகை என்ற அதிகாரமோ, போவது எவ்வளவு, வருவது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்துச் செயலில் இறங்கச் சொல்கிறது. நளன் கதையில் இந்த இரண்டும் சேர்கின்றன. நாட்டைச் சூதில் தோற்ற நளன், மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாக இருக்கும்போது, ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவன் காய்களின் எண்ணிக்கையைச் சொல்லக் கண்டு வியக்கிறான். குதிரை நூலைக் கொடுத்து அந்த எண்ணும் கலையை வாங்கிக்கொள்கிறான். வெறியோடு ஆடித் தோற்றவன் கணக்கைக் கற்ற பிறகே மீள்கிறான். போக்கர் நூல்களின் வரலாறும் வெறியிலிருந்து கணக்குக்கு நகர்ந்த வரலாறுதான்.

நான்கு தலைமுறை நூல்கள்

இன்று பரவலாக ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூடிய சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஐந்து திறந்த சீட்டு, நடுநடுவே நான்கு சுற்றுப் பந்தயம். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் வெல்கிறார். அல்லது மற்றவர் எல்லோரையும் சீட்டை வைத்துவிடச் செய்பவர் வெல்கிறார். 52 சீட்டிலிருந்து இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். எந்த இனம் என்பதை விட்டு, இரண்டும் ஒரே இனமா இல்லையா என்பதை மட்டும் பார்த்தால் அது 169 வகையாகச் சுருங்கும். தொடக்க நூல் எதுவானாலும் அதன் முதல் வேலை, இந்த 169இல் எவற்றை எடுத்து ஆடுவது, எவற்றை உடனே வைத்துவிடுவது என்று சொல்வது.

முதல் தலைமுறை அனுபவசாலிகளின் தலைமுறை. சங்கேத எழுத்தை உடைப்பதில் பேர்பெற்ற அமெரிக்கர் ஹெர்பர்ட் யார்ட்லி 1957இல் எழுதிய நூல், பொறுமையாக நல்ல கைக்குக் காத்திருக்கச் சொன்னது. டாய்ல் பிரன்சன் 1970களின் இறுதியில் வெளியிட்ட ‘சூப்பர்/சிஸ்டம்’ அதற்கு நேர் எதிரான குரல். 1976, 1977 இரண்டு ஆண்டும் போக்கர் உலகப் போட்டியை வென்ற அவர், ஒவ்வொரு ஆட்டவகைக்கும் ஒரு வல்லுநரை அழைத்து எழுதவைத்தார். தன் பகுதியில் இடைவிடாமல் தாக்கி ஆடும் முறையை விளக்கினார். இரண்டையும் வரலாறாகப் படிக்கலாம். பாடநூலாகக் கொண்டால் இன்றைய ஆட்டத்துக்கு ஒத்துவராத பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் தலைமுறை டேவிட் ஸ்க்ளான்ஸ்கியுடையது. 1987இல் வந்த ‘தி தியரி ஆஃப் போக்கர்’ இந்தத் துறையில் சிந்தனையின் முதல் நூல் என்பேன். எதிரியின் சீட்டுகள் கண்ணுக்குத் தெரிந்திருந்தால் எப்படி ஆடியிருப்போமோ, அதிலிருந்து விலகும் ஒவ்வொரு முறையும் லாபம் எதிரிக்கு என்பது அதன் அடிப்படை. இதிலிருந்தே அவர் எல்லா உத்திகளையும் வருவிக்கிறார். உதாரணங்களில் பல இன்று அருகிவிட்ட ஆட்டவகைகளைச் சேர்ந்தவை. தொடக்கக்காரருக்கு அது சிரமம். ஆனால் ‘இதைச் செய்’ என்று நிறுத்தாமல் ‘ஏன் செய்ய வேண்டும்’ என்று விளக்கும் நூல் பழசாவதில்லை.

மூன்றாம் தலைமுறையை ஒரு நிகழ்ச்சி பெருக்கெடுக்கவைத்தது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் சிறு கட்டணத்தில் இணையத் தகுதிப் போட்டி ஆடி உலகப் போட்டிக்குள் நுழைந்து பட்டத்தை வென்றார். 839ஆக இருந்த போட்டியாளர் எண்ணிக்கை மறு ஆண்டு 2,576ஆக உயர்ந்தது. புதிதாக வந்தவர்களுக்கு நூல் தேவைப்பட்டது. 1995இன் உலகச் சாம்பியன் டான் ஹாரிங்டனும் பேக்கேமன் வல்லுநர் பில் ராபர்ட்டியும் எழுதிய ‘ஹாரிங்டன் ஆன் ஹோல்டெம்’ 2004இல் வரத் தொடங்கியது. ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஒரு நிலைமையைக் கொடுத்து, ‘என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு, பிறகு விடையைக் காரணத்தோடு சொல்வது அதன் முறை. கற்பிக்கும் வடிவத்தில் அதை மிஞ்சிய நூல்கள் குறைவு. எட் மில்லர் 2005இல் எழுதிய ‘கெட்டிங் ஸ்டார்ட்டட் இன் ஹோல்டெம்’ ஒன்றும் தெரியாதவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சிறு நூல். கணிதத்தை மறைக்காமல், அதைக் காட்டி மிரட்டாமல் எழுதியிருக்கிறார்.

நான்காம் தலைமுறை கணினியுடையது. 2015இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார், பந்தயத்துக்கு வரம்புள்ள இருவர் ஆட்டத்தை நடைமுறையில் தீர்த்துவிட்டதாக அறிவித்தனர். 2017இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேடஸ், வரம்பில்லா இருவர் ஆட்டத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் வென்றது. இந்தக் கணக்குமுறை சால்வர் என்னும் மென்பொருளாக ஆட்டக்காரர் மேசைக்கு வந்தது. மைக்கேல் அசெவெடோவின் ‘மாடர்ன் போக்கர் தியரி’ (2019) அதன் முடிவுகளை அட்டவணை அட்டவணையாகத் தருகிறது. பில் செனும் ஜெரோட் ஆங்கன்மேனும் 2006இலேயே எழுதிய ‘தி மேதமேடிக்ஸ் ஆஃப் போக்கர்’ அதற்கான கணித அடித்தளம். இரண்டும் உயர்ந்த நூல்கள். தொடக்க வாசகர் கையில் எடுக்கக் கூடாதவை. காரணம் புரியாமல் அட்டவணையை மனப்பாடம் செய்கிறவர், எதிரி அட்டவணைக்கு வெளியே ஒரு பந்தயம் வைத்த உடனே திகைத்து நிற்பார்.

ஒரு சிறு கணக்கு

ஒரு நூல் நல்லதா என்று அறிய எளிய சோதனை: கீழே வருவது போன்ற கணக்கை முதல் ஐம்பது பக்கத்துக்குள் அது புரியவைக்கிறதா என்று பாருங்கள். நடுவில் 100 புளியங்கொட்டை இருக்கிறது. எதிரி 50 வைக்கிறார். நீங்களும் 50 வைத்தால் மொத்தம் 200. உங்கள் பங்கு அதில் கால் பாகம். ஆகவே வெல்லும் வாய்ப்பு 25 சதவீதமாவது இருந்தால்தான் தொடர்வது தகும். உங்களிடமும் பொதுச் சீட்டிலுமாகச் சேர்த்து நான்கு ஆர்ட்டின் இருக்கிறது. ஐந்தாவது வந்தால் வெற்றி. வரவேண்டியது ஒரே ஒரு சீட்டு. காணாத 46 சீட்டில் மீதி ஆர்ட்டின் 9. வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. சீட்டை வைத்துவிட வேண்டியதுதான். எதிரி 50க்குப் பதில் 10 வைத்திருந்தால், 120க்கு 10 கொடுக்கிறீர்கள், தாராளமாகத் தொடரலாம். சீட்டு அதேதான். விலை மாறியதால் முடிவு மாறியது. இது புரிந்தவருக்குப் போக்கரின் பாதி புரிந்துவிட்டது.

மனத்தைப் பற்றிய நூல்கள்

மீதிப் பாதி, சரியாக முடிவெடுத்தும் தோற்பதைத் தாங்குவது. கையில் இரண்டு ஏஸ், எதிரி கையில் இரண்டு ராஜா. பணம் முழுவதும் நடுவில். இதைவிட நல்ல நிலைமை அபூர்வம். அப்போதும் நூற்றுக்குப் பதினெட்டு முறை ராஜாக்கள் வெல்லும். தோற்ற கோபத்தில் அடுத்த ஆட்டத்தை வாரி இறைப்பதே பலரை அழித்தது. ஜாரெட் டென்ட்லரின் ‘தி மென்டல் கேம் ஆஃப் போக்கர்’ (2011) அந்தக் கோபத்தை வகைபிரித்து மருந்து சொல்கிறது. ஆனி டியூக்கின் ‘திங்கிங் இன் பெட்ஸ்’ (2018) முடிவின் தரத்தையும் விளைவின் தரத்தையும் குழப்பிக்கொள்ளாதே என்ற ஒரே பாடத்தை வாழ்க்கை முழுவதற்கும் விரிக்கிறது. உளவியல் அறிஞர் மரியா கொனிக்கோவா, ஒரு கட்டில் எத்தனை சீட்டு என்றுகூடத் தெரியாத நிலையில் தொழில்முறை ஆட்டக்காரர் எரிக் சைடலிடம் பாடம் கேட்கத் தொடங்கிய கதை ‘தி பிக்கஸ்ட் பிளஃப்’ (2020). போக்கர் ஆடவே போகாத வாசகருக்கும் இவற்றில் கடைசி இரண்டும் பயன்படும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

நூலைப் புரட்டும்போது நான்கு கேள்விகள் போதும். எந்த ஆட்டவகைக்கு எழுதியது: வரம்புள்ளதா, வரம்பில்லாததா, போட்டியா, தனி மேசையா? எந்த ஆண்டில் வந்தது? விதியோடு காரணத்தையும் சொல்கிறதா? இழப்பைப் பற்றி நேர்மையாகப் பேசுகிறதா? கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத நூலை வாங்க வேண்டாம்.

வரிசை என்று கேட்டால் என் தீர்ப்பு இது: முதலில் எட் மில்லரின் சிறு நூல். கூடவே ஆனி டியூக். அடுத்து ஹாரிங்டனின் முதல் தொகுதி. அதிலுள்ள பயிற்சிகளுக்கு விடையை மூடிவைத்துக்கொண்டு எழுதிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு ஸ்க்ளான்ஸ்கியை நிதானமாக, திரும்பத் திரும்ப. இவ்வளவும் செரித்த பிறகும் ஆர்வம் இருந்தால் அசெவெடோ. ஒரே நேரத்தில் பத்து நூல் வாங்குவதைவிட ஒன்றைப் பத்துமுறை படிப்பது இந்தத் துறையில் கூடுதல் பலன் தரும்.

நான் அறிந்தவரை இவற்றில் எதையும் தமிழில் படிக்க வழியில்லை. நிகழ்தகவைப் பள்ளிப் பாடத்தில் நாணயம் சுண்டுவதோடு விட்டுவிடுகிறோம். வாழ்வின் முடிவுகளில் அதைக் கையாளச் சொல்லித்தருவதில்லை. 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கும் இந்த ஊரிலிருந்து, பிரெஞ்சும் ஆங்கிலமும் கணிதமும் அறிந்த ஒருவர், சீட்டுக்கட்டை வைத்து நிகழ்தகவையும் முடிவெடுத்தலையும் கற்பிக்கும் தமிழ் நூல் ஒன்றை எழுத முன்வர வேண்டும். கட்டில் 52 சீட்டும் கையில் புளியங்கொட்டையும் இருந்தால் அதைப் படிக்கப் போதும். வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: படியுங்கள், நண்பர்களோடு உட்கார்ந்து ஆடிப் பாருங்கள், ஆனால் ஒரு ரூபாய்கூட வைக்காமல்.