தோலில் இருக்கிறது சூட்சுமம்

ஆரஞ்சுத் தோலை மடித்துத் தம்பியின் கண்ணுக்கு நேரே பிதுக்காத அக்கா தமிழ்நாட்டில் இருக்க முடியாது. சுர்ரென்று பீய்ச்சி அடிக்கும் அந்தத் துளிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதே தோலை மெழுகுவர்த்திச் சுடருக்குப் பக்கத்தில் பிதுக்கினால் பொறி பறக்கும். ஊதிய பலூன்மேல் பிதுக்கினால் பலூன் வெடிக்கும். சுளைச் சாற்றுக்கு இந்தத் துடுக்கெல்லாம் கிடையாது. ஆரஞ்சின் மணம் தோலின் மேல்பரப்பில், பொடிப்பொடியான எண்ணெய்ப் பைகளில் அடைந்து கிடக்கிறது. அந்த எண்ணெயை ஆல்கஹாலில் இறக்கி, சர்க்கரை சேர்த்து, குப்பியில் அடைத்தால் ஆரஞ்சு லிக்யூர்.

வீட்டு அலமாரியில் நாலைந்து குப்பி வைத்துக்கொண்டு, வருகிற நண்பர்களுக்குக் காக்டெய்ல் கலக்கிக் கொடுப்பவர்களைக் கவனித்திருக்கிறேன். ஜின் வாங்க ஒரு வாரம் யோசிப்பார்கள். டெக்கீலாவில் எது நூறு சதவீதம் கத்தாழையில் செய்தது என்று லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஆரஞ்சு லிக்யூர் முறை வந்தால் மட்டும், 'கூடச் சேர்க்கிறதுதானே' என்று கைக்கு அகப்பட்டதைத் தூக்கிவந்துவிடுவார்கள். மார்கரிட்டா, சைட்கார், ஒயிட் லேடி, மை டை, காஸ்மோபாலிட்டன் என்று அடிக்கடி கேட்கப்படுகிற அத்தனையிலும் இது இருக்கிறது. ஆகவே இங்கேதான் கஞ்சத்தனம் கூடாது என்பது என் கட்சி.

கதை கரீபியக் கடலில் குரசோ தீவில் தொடங்குகிறது. ஸ்பானியர்கள் அங்கே ஆரஞ்சை நட்டார்கள். மழை குறைந்த, காற்று ஓயாத, வறண்ட மண். பழம் வாயில் வைக்க முடியாதபடி கசந்தது. ஆடுகூடச் சீண்டாது என்று சொல்வார்கள். லராஹா என்று இன்று அந்த வகைக்குப் பெயர். நம்மூரில் ஊறுகாய்க்கு வாங்கும் கிச்சிலிக்காய்க்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். 1634இல் தீவு டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. வியாபாரத்தில் பழுத்த கூட்டம், பழத்தை விட்டுவிட்டுத் தோலைப் பிடித்துக்கொண்டது. காயவைத்த தோல் கப்பலேறி ஆம்ஸ்டர்டாம் வடிசாலைகளுக்குப் போக, தீவின் பெயரே பானத்துக்கும் பெயராயிற்று. தீவிலேயே இன்றும் இதைச் செய்கிறார்கள்: வில்லம்ஸ்டாடில் 'சீனியர்' என்ற நிறுவனம், 1896இல் தொடங்கியது. லராஹாத் தோலை வெயிலில் உலர்த்தி, சணல் பையில் கட்டி, பழைய செப்புக் கொதிகலனுக்குள் தொங்கவிட்டு வடிக்கிறார்கள். ஆல்கஹால் 31 சதவீதம். தெளிவாக, நீலமாக, பச்சையாக, சிவப்பாக என்று பல நிறத்தில் குப்பிகள் நிற்கும். சுவை எல்லாவற்றிலும் ஒன்றுதான். நீலம் என்றால் வேறு ஏதோ பழம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டச்சுக்காரர்கள் தொடங்கிய தொழிலை பிரெஞ்சுக்காரர்கள் கையில் எடுத்து மெருகேற்றினார்கள். லுவார் நதிக்கரைப் பக்கத்தில் இரண்டு ஊர்கள், சோமூர், ஆன்ஜே. சோமூரில் கோம்பியே குடும்பம் 1834 முதலே நாங்கள் டிரிப்பிள் செக் என்ற ஆரஞ்சு லிக்யூரை வடிக்கிறோம் என்கிறது. ஆன்ஜேயில் குவான்த்ரோ சகோதரர்கள் 1849இல் வடிசாலை போட்டார்கள். அடுத்த தலைமுறை எட்வார் குவான்த்ரோ 1875இல் இன்றைய ரெசிப்பியை உண்டாக்கினார். முன்னவர் யார் என்ற வழக்கு அங்கே தீராது, நமக்கும் தேவையில்லை. கசப்பு ஆரஞ்சின் தோலும் இனிப்பு ஆரஞ்சின் தோலும் சேர்த்து வடித்து, நிறமில்லாமல், முந்தைய குரசோக்களைவிடத் திகட்டல் குறைவாக ஒரு லிக்யூரை அவர்கள் கொண்டுவந்தார்கள். மசாலா கிடையாது, சாயம் கிடையாது. ஆல்கஹால், தண்ணீர், சர்க்கரை, தோல். அவ்வளவு எளிய சாமான்களில் ஒளிய இடமே இல்லை. தோல் மட்டமாக இருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துபோகும். டிரிப்பிள் செக் என்ற பெயரைக் கண்டவர்களெல்லாம் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்ததும், குவான்த்ரோ அந்தப் பெயரைப் பின்னுக்குத் தள்ளித் தன் குடும்பப் பெயரிலேயே விற்கத் தொடங்கியது.

இனி கொஞ்சம் கிட்டே வந்து பார்ப்போம். சின்னக் கண்ணாடித் தம்ளரில் இரண்டு ஸ்பூன் குவான்த்ரோ ஊற்றுங்கள். நீர் போலத் தெளிவாக இருக்கும். ஒரு பெரிய ஐஸ் கட்டியைப் போட்டுக் காத்திருங்கள். ஐஸ் கரையக் கரைய, அடியில் புகைபோல ஒரு மங்கல் சுருண்டு எழும்பும். சற்று நேரத்தில் மொத்தமும் பால் கலந்த மாதிரி வெளிறிவிடும். சரக்கு கெட்டுப்போகவில்லை. நல்ல சரக்கு என்பதற்கான சான்றே அதுதான்.

காரணம் இது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன். அது தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். 40 சதவீத ஆல்கஹாலில் கணிசமான எண்ணெயைக் கரைத்து நிறுத்தலாம். ஐஸ் கரைந்து தண்ணீர் கூடினாலோ, குளிர்ந்தாலோ, பிடி தளர்ந்து எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிரிகிறது. வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் பானம் மங்குகிறது. கிரேக்கர்களின் ஊஸோவில் தண்ணீர் ஊற்றினால் வெளுப்பதும் இதே காரணத்தால்தான். மூக்குக்கும் இதில் லாபம் உண்டு. விடுபட்ட எண்ணெய் மேலே வந்து மணக்கிறது.

இப்போது மலிவுக் குப்பிகளின் சங்கடம் புரியும். டிரிப்பிள் செக் என்ற பெயரில் 15 சதவீதம், 20 சதவீதம் ஆல்கஹாலோடு எத்தனையோ விற்கிறது. ஐரோப்பியச் சட்டப்படி லிக்யூர் என்று சொல்லிக்கொள்ள 15 சதவீத ஆல்கஹாலும் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையும் பொதுவாகப் போதும். ஆனால் அத்தனை குறைந்த ஆல்கஹாலில் எண்ணெய் நிற்காது. ஒன்று, எண்ணெயைக் குறைக்க வேண்டும். அல்லது லிமோனீனைக் கழித்துவிட்டுக் கரையக்கூடிய மிச்சத்தை மட்டும் சேர்க்க வேண்டும். எப்படிச் செய்தாலும் தோலின் காரமும் கசப்பும் போய், சர்க்கரைப் பாகில் நனைத்த ஆரஞ்சு மிட்டாய் மணம்தான் மிஞ்சும். ஆகவே கடையில் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் லேபிளின் ஓரத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 40ஐ ஒட்டி இருந்தால் கையில் எடுங்கள்.

மணத்தோடு கதை முடியவில்லை. ஒயிட் லேடியை எடுத்துக்கொள்வோம்: 40 மில்லி ஜின், 30 மில்லி ஆரஞ்சு லிக்யூர், 20 மில்லி எலுமிச்சைச் சாறு. ஜின்னும் லிக்யூரும் 40 சதவீதம் என்றால், குலுக்குவதற்கு முன் கலவையின் பலம் 31 சதவீதம். லிக்யூரை மட்டும் 20 சதவீதக் குப்பியாக மாற்றுங்கள், 24ஆக இறங்கிவிடும். பிறகு ஷேக்கரில் ஐஸ் கரைந்து இன்னும் நீர்க்கும். எலுமிச்சையின் புளிப்புக்கு ஈடுகொடுக்க ஆளில்லாமல், பானம் பள்ளிக்கூட ஆண்டுவிழா ஜூஸ் ஆகிவிடும். கலந்தவர் ஜின்னைக் குறை சொல்வார். பாவம் ஜின்.

கிராண்ட் மார்னியே இன்னொரு ஜாதி. 1880இல் லூயி அலெக்ஸாந்த்ர் மார்னியே லபோஸ்தோல் கோனியாக்கையும் கசப்பு ஆரஞ்சையும் சேர்த்தார். சிவப்பு ரிப்பன் கட்டிய கோர்டான் ரூஜ் குப்பியில் இன்றும் 51 சதவீதம் கோனியாக், மீதி ஆரஞ்சு லிக்யூர். ஆல்கஹால் அதே 40. ஆனால் வாயில் முதலில் வருவது மரப்பீப்பாய். வெனிலா, உலர்ந்த திராட்சை, லேசான புகையிலை வாடை. ஆரஞ்சு அதற்குப் பின்னால், தோலாக இல்லாமல் மர்மலேடாக வருகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐஸ் இல்லாமல் ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி உருட்டிக்கொண்டிருக்க இதைவிட நல்லது இந்தக் குடும்பத்தில் இல்லை. ஆனால் கலவையில் போடும்போது யோசிக்க வேண்டும். ஒயிட் லேடியில் போட்டால் ஜின்னின் கூர்மையைக் கோனியாக் மழுக்கிவிடும்; நிறமும் அழுக்காகும். மார்கரிட்டாவில் இதை ஊற்றி 'காடிலாக் மார்கரிட்டா' என்று அதிக விலைக்கு விற்பார்கள். பீப்பாயில் கிடந்து பழுத்த டெக்கீலாவோடு சேர்த்தால் பொருந்தும். வெள்ளை டெக்கீலாவுக்கு அது அநாவசியமான கோட்டு. சைட்கார் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனது. கோனியாக்கோடு கோனியாக் என்பதால் கிராண்ட் மார்னியே ஒட்டிக்கொள்ளும் என்றுதான் தோன்றும். குடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருக்கும். குவான்த்ரோ போட்டால் கோனியாக் தனியாகத் தெரியும், ஆரஞ்சு தனியாகத் தெரியும். சில மழை நாட்களில் அந்தப் பழுப்பும் வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது ஒரு குப்பி உண்டு, அது வந்து அதிக காலம் ஆகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுக்கூடங்களில் குரசோ என்றால் பிராந்தி அடியும் மசாலா வாடையும் உள்ள அடர்ந்த சரக்கு. 1862இல் வந்த ஜெர்ரி தாமஸின் காக்டெய்ல் புத்தகத்தில் வரும் பிராந்தி கிரஸ்டா அதை நம்பித்தான் நிற்கிறது. அந்தச் சுவை காலப்போக்கில் மறைந்துபோய், குரசோ என்பது வண்ணச் சர்க்கரைத் தண்ணீராகச் சுருங்கியது. கோனியாக் தயாரிப்பாளர் அலெக்ஸாந்த்ர் கப்ரியேலும், காக்டெய்ல் சரித்திரத்தைத் துருவியெடுத்த டேவிட் வொண்ட்ரிச்சும் பழைய ரெசிப்பிகளைப் புரட்டி, 2010களின் தொடக்கத்தில் பியேர் ஃபெரான் டிரை குரசோவைக் கொண்டுவந்தார்கள். 40 சதவீதம், பிராந்தி அடி, கசப்புத் தோல். கிராண்ட் மார்னியேயைவிட இனிப்பு அடக்கம். குவான்த்ரோவைவிட இருண்ட, மிளகுபோன்ற ஒரு முடிவு.

இதன் பெருமை மை டையில் தெரியும். டிரேடர் விக் என்ற விக்டர் பெர்ஜரான் 1944இல் ஓக்லண்டில் அதை உருவாக்கியபோது ஊற்றியது ஆரஞ்சு குரசோதான், அதுவும் கொஞ்சம்தான். ரம்மின் கரும்புக்கும் பாதாம் பாகுக்கும் நடுவே குவான்த்ரோ ஒல்லியாகக் காணாமல் போய்விடும். டிரை குரசோ நிற்கும்.

பெகு கிளப் காக்டெய்லும் அப்படித்தான். நகரத்தார் வட்டிக்கடை நடத்திய அதே ரங்கூனில், பிரிட்டிஷ் அதிகாரிகள் மாலையில் கூடிய கிளப் பெகு. அங்கே பரிமாறிய ஜின் காக்டெய்ல் 1920களிலேயே ஐரோப்பியப் புத்தகங்களில் ஏறிவிட்டது. 60 மில்லி ஜின், 20 மில்லி குரசோ, 20 மில்லி எலுமிச்சைச் சாறு, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் ஒரு சிதறல், ஆரஞ்சு பிட்டர்ஸ் ஒரு சிதறல். நன்றாகக் குலுக்கி வடித்தால் வெளிறிய சந்தன நிறம். முதல் வாயில் புளிப்பு, நடுவில் தோலின் எண்ணெய், விழுங்கிய பிறகு கிராம்பு. பர்மாவின் புழுக்கத்தில் வேர்த்து ஒழுகிக்கொண்டு இருந்தவர்களுக்கு இது ஏன் பிடித்தது என்பதற்கு நம்மூர் மே மாதத்தில் விளக்கம் தேவையில்லை.

நீலத்தைப் பற்றி இரண்டு வரி. 1957இல் வைக்கீக்கியில் ஹாரி யீ என்ற பார்மேனிடம், போல்ஸ் நிறுவன விற்பனையாளர் தங்கள் நீலக் குரசோவுக்கு ஒரு காக்டெய்ல் கேட்டதில் பிறந்தது ப்ளூ ஹவாய். கடல் நிறம், அன்னாசித் துண்டு, குடை. நான் வாங்க மாட்டேன். குழந்தைகள் பிறந்தநாள் கேக்குக்கும் அதே மாதிரியான சாயம்தான். ஆனால் யாராவது கலந்து கையில் கொடுத்தால் மறுக்கவும் மாட்டேன்.

ஒரே ஒரு குப்பிக்குத்தான் இடமும் காசும் என்றால் குவான்த்ரோ. அது கிடைக்காத இடத்தில் கோம்பியே. ரம், ஜின் ஆசாமிகள் இரண்டாவதாக டிரை குரசோ எடுக்கலாம். கிராண்ட் மார்னியே மூன்றாவது, அதுவும் குடிக்க; கலக்க எப்போதாவது. எதை வாங்கினாலும் ஃபிரிட்ஜில் இடத்தை அடைக்க வேண்டாம், 40 சதவீதம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வெயில் படாத அலமாரி போதும். ஊற்றியதும் குப்பியின் கழுத்தை ஈரத்துணியால் துடைத்து மூடுங்கள். இல்லாவிட்டால் சர்க்கரை பூத்து மூடி இறுகி, அடுத்த முறை விருந்தாளி எதிரில் வெந்நீரும் துணியுமாக மல்லுக்கட்ட வேண்டிவரும். எறும்பு கண்டுபிடித்துவிட்டால் அது தனிக் கதை.