ஒளியைப் பிடிக்கும் உருண்டைகள்

படப்பிடிப்பில் ஒரு காட்சி எடுத்து முடிந்ததும், காட்சி விளைவுக் குழுவினருள் ஒருவர் நடிகர் நின்ற அதே இடத்தில் கம்பில் செருகிய இரண்டு உருண்டைகளை, கண்ணாடிபோல் பளபளக்கும் ஒன்றையும் மங்கிய சாம்பல் நிறமுள்ள மற்றொன்றையும், கேமராவின் முன் சில நொடிகள் பிடித்து நிற்பது வழக்கம். பின்னர் கணினியில் உருவாக்கிச் சேர்க்கப்படும் உருவம் அவ்விடத்து ஒளியிலேயே நிற்பதாகத் தோன்ற வேண்டுமெனில், ஒளி எத்திசையிலிருந்து எவ்வளவு வலிமையுடன் வந்தது என்பது தெரிந்தாக வேண்டும். பளபளக்கும் உருண்டை ஏறத்தாழச் சுற்றுப்புறம் முழுவதையும் தன் வளைவில் பிரதிபலித்து விளக்குகளின் இருப்பிடத்தைக் காட்ட, சாம்பல் உருண்டை வெளிச்சம் நிழலாகக் கரையும் விதத்தையும் அந்நிழலின் நிறத்தையும் காட்டுகிறது. பளபளக்கும் உருண்டையை வெவ்வேறு ஒளியளவுகளில் படமெடுத்து, கடும் வெளிச்சமும் ஆழ்ந்த இருளும் விவரம் இழக்காத ஒரே படமாக இணைத்து, அப்படத்தையே கணினி உருவத்துக்கு விளக்காக்கும் முறையைக் கணினி வரைகலை ஆய்வாளர் பால் டெபெவெக் 1998இல் அத்துறையின் சிக்ராஃப் மாநாட்டில் விளக்கினார். இத்தனை நுட்பத்துக்கும் அடிப்படை ஓர் எஃகுக் கோளம் என்பதே இதன் அழகு. கீறல் விழுந்தால் பிரதிபலிப்பு கெடும் என்பதால் அதை மென்துணியில் பொதிந்து வைப்பவரும், மேகம் நகர்ந்து வெயில் மாறியவுடன் சலிப்பின்றி மீண்டும் பிடிப்பவரும், கணினியில் அதே உருண்டைகளை உருவாக்கி அசலுக்கு அருகில் வைத்து ஒப்பிட்ட பின்னரே உருவத்தைத் தொடுபவரும் இத்தொழிலின் தேர்ந்த கலைஞர்கள்.