ஏஸ் ஜோடியைத் தூக்கிப் போடும் நேரம்

போக்கரில் முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டும் ஏஸாக அமைந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு கை கிடையாது. சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் அது வாய்க்கும். எதிராளி எதை வைத்திருந்தாலும் தொடக்கத்தில் ஏஸ் ஜோடியே முந்தி நிற்கும். அப்படிப்பட்ட கையை, நடுச்சீட்டு ஒன்றுகூடத் திறக்காத நிலையில், சத்தமில்லாமல் ஃபோல்ட் செய்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்க வேண்டிய நேரமும் ஒன்று இருக்கிறது. இணையப் போட்டிகளின் கடைசிக் கட்டத்தை ரசிக்க ஆரம்பிப்பவர்கள் அந்த நேரத்திலிருந்து ஆரம்பித்தால் நல்லது.

சாட்டலைட் என்று ஒரு வகைப் போட்டி உண்டு. பெரிய போட்டியில் உட்கார இடம் வாங்கித் தரும் சின்னப் போட்டி. பத்து இடம் என்றால் முதல் பத்துப் பேருக்கும் ஒரே பரிசுதான். முதலாவதாக வந்தவருக்கும் பத்தாவதாக வந்தவருக்கும் காசளவுகூட வித்தியாசம் இல்லை. இப்போது பதினொரு பேர் மிச்சம் என்று வையுங்கள். உங்களிடம் சிப்ஸ் தாராளமாக இருக்கிறது. கடைசி ஆளிடம் இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் இருக்கிறது. உங்களைவிடப் பெரிய குவியல் வைத்திருப்பவர் ஆல்-இன் போகிறார், அதாவது மொத்தச் சிப்ஸையும் நடுவில் தள்ளுகிறார். உங்கள் கையில் ஏஸ் ஜோடி. கால் செய்து, அதாவது அதற்கு ஈடு வைத்து ஜெயித்தால் கூடுதலாக எதுவும் வரப்போவதில்லை. தோற்றால், ஏஸ் ஜோடியும் ஐந்துக்கு ஒருமுறை தோற்கும், கைக்கு எட்டிய இடம் போய்விடும். சும்மா உட்கார்ந்திருந்தாலே கிடைக்கப்போகிற ஒன்றுக்காக ஏன் தலையைக் கொடுக்க வேண்டும்? தூக்கிப் போடுவதுதான் ஆட்டம்.

பார்வையாளர்களில் பெரும்பாலோர் கைதட்டுவது ஆல்-இன்னுக்குத்தான். ராணி ஜோடிக்கு எதிராக ஏஸ்-ராஜா, இருவரும் மொத்தச் சிப்ஸையும் நடுவில் தள்ளிவிட்டார்கள் என்றால் அரங்கம் எழுந்து நிற்கும். எனக்கு அதில் ரசிக்க ஒன்றும் இல்லை. ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு; காசைச் சுண்டிப் பார்க்கிற மாதிரி. ஆட்டக்காரர் செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. திறமை தெரிகிற இடம் அதற்கு முந்தைய அரை மணி நேரம். யாரும் கையைக் காட்டாமல், குவியல்கள் மட்டும் மெல்ல இடம் மாறிக்கொண்டிருக்கும் அந்த மந்தமான பொழுது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பேசுவது பார்த்து ரசிப்பதைப் பற்றி. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை இந்தியாவில் 2025-இல் வந்த சட்டம் தடை செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 2022-இல் சட்டம் இயற்றி, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதன் ஒரு பகுதியை நீக்கி, நீண்ட வழக்காடல் எல்லாம் நடந்திருந்தது. பணத்தை இழந்த குடும்பங்களின் கதை நமக்குத் தெரியாததல்ல. ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆடப்படும் கடைசி மேசைகள் கையிருப்புச் சீட்டு தெரியும்படி ஒளிபரப்பாகின்றன. அவற்றைச் சதுரங்கப் போட்டி பார்ப்பதுபோல் காசு வைக்காமல் பார்க்கலாம்.

இணைய போக்கரை உலகம் திரும்பிப் பார்த்தது 2003-இல். டென்னசி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் 86 டாலர் கட்டி சாட்டலைட் ஆடினார். அதில் ஜெயித்து அடுத்த சாட்டலைட்டுக்குப் போனார். லாஸ் வேகாஸில் நடக்கும் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்கு அங்கே முதல் மூன்று பேருக்கு இடம்; நான்காவதாக வருபவருக்கு 8,000 டாலர் ரொக்கம். மணிமேக்கருக்குக் கடன் இருந்தது, ரொக்கம்தான் தேவை. எனவே வேண்டுமென்றே நான்காவதாக வரப் பார்த்தார், நண்பர் ஒருவர் பேசித் தடுத்தார் என்பது அவரே பலமுறை சொன்ன கதை. லாஸ் வேகாஸ் போய் 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் வென்றதைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த நான்காம் இடத்துத் தடுமாற்றம். கடைசிக் கட்டத்தின் முழுச் சிக்கலும் அதில் இருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலை ஆளுக்கு ஆள் மாறும்.

போட்டியின் தொடக்கத்தில் சிப்ஸும் பணமும் ஏறத்தாழ ஒன்று. போகப் போக இரண்டும் பிரிந்துவிடும். மூன்று பேர் மிச்சம், பரிசு 50, 30, 20 என்று கொள்வோம். சிப்ஸில் பாதி வைத்திருப்பவருக்குப் பரிசுத் தொகையில் பாதி சொந்தமா? இல்லை. கணக்குப் போட்டால் அவர் பங்கு 100-இல் 38 சொச்சம்தான். ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வைத்திருக்கும் கடைசி ஆளுக்கோ கிட்டத்தட்ட 29. மேலே இருப்பவரின் சிப்ஸுக்கு மதிப்பு குறைவு, கீழே இருப்பவரின் சிப்ஸுக்கு மதிப்பு அதிகம். இந்தக் கணக்கின் பிறப்பிடம் குதிரைப் பந்தயம். டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலாளர் 1973-இல், ஒவ்வொரு குதிரையும் முதலாவதாக வரும் வாய்ப்பை வைத்து இரண்டாவது, மூன்றாவது இடங்களின் வாய்ப்பைக் கணிக்க வழி எழுதினார். மேசன் மல்முத் 1987-இல் குதிரைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிப்ஸ் குவியல்களை வைத்தார். இன்று ஐசிஎம் என்று எல்லோர் வாயிலும் அடிபடுவது அதுதான்.

ஒரு மேசையைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். நான்கு பேர். அதே பரிசு, மூன்று பேருக்கு மட்டும். நான்காவது ஆள் வெறுங்கையோடு போக வேண்டும். பரிசுக்கு ஒரு படி கீழே நிற்கும் இந்தக் கட்டத்தைப் பபிள் என்பார்கள். குவியல்கள் 9,000, 6,000, 4,000, 1,000. ஒன்பதாயிரக்காரர் ஆல்-இன் என்கிறார். ஆறாயிரக்காரர் யோசிக்கிறார்.

சிப்ஸை மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் ஜெயிக்கும் கை இருந்தால் போதும், கால் செய்யலாம். ஆனால் இப்போது அவருடைய பங்கின் மதிப்பு 100-இல் 31-ஐ ஒட்டி. கால் செய்து ஜெயித்து 12,000 ஆக்கிக்கொண்டால் 41-ஐ ஒட்டி. தோற்றால் சுழியம். பத்தைச் சம்பாதிக்க முப்பத்தொன்றைப் பணயம் வைக்க வேண்டும். சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கப்பட்டு நடுவில் கிடக்கும் ப்ளைண்ட் பணத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கிட்டத்தட்ட 76 சதவீதம் ஜெயிக்கும் கை இருந்தால்தான் இது கட்டுப்படியாகும். ஒன்பதாயிரக்காரர் தன் சீட்டைப் பார்க்காமலே தள்ளியிருக்கிறார் என்று தெரிந்தால்கூட, ஏஸ்-ராஜா போதாது. அது 65, 67 சதவீதத்தில் நின்றுவிடும். பத்து ஜோடி 75. அதையும் போட்டுவிட வேண்டியதுதான். ஜாக்கி ஜோடியிலிருந்துதான் கால் செய்ய முடியும்.

காரணம் அந்த ஆயிரக்காரர். அவர் இரண்டு மூன்று சுற்றில் தானாகவே கரைந்து போவார். அவர் உட்கார்ந்திருக்கும்வரை ஆறாயிரக்காரரால் அசைய முடியாது. தன்னைவிடச் சிறியவர் இருக்கும்போது தான் முந்திப் போய் வெளியேறுவதைப் போன்ற அநியாயம் வேறில்லை. நான்காயிரக்காரருக்கும் அதே நிலைதான். நம்மூரில் 101 பூல் ரம்மி ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். எண்பதைத் தாண்டியவன், இருபது புள்ளி கொடுத்து ஒதுங்கும் ஸ்கூட் அடிக்க வழியில்லாமல் வந்த கையை ஆடியே ஆக வேண்டும்; நாற்பதில் இருப்பவன் இருபதைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து, அவன் வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பெரிய குவியல்காரரின் கலை இங்கேதான். அவருக்கு ஆறாயிரக்காரரின் சீட்டு தேவையில்லை, பயம் போதும். கத்துக்குட்டிகள் சின்னக் குவியலைத்தான் மிரட்டுவார்கள், சுலபமாக விழும் என்று. அவனுக்கு இழக்க ஒன்றுமில்லை, எதை வைத்தும் கால் செய்வான். தேர்ந்தவர் நடுவில் இருப்பவர்களைத்தான் நெருக்குவார். அதிலும் எப்போதும் ஆல்-இன் தேவையில்லை. பெரிய ப்ளைண்டின் இரண்டு மடங்கு, இரண்டேகால் மடங்கு என்று சின்னதாக ஏற்றினாலே போதும். பின்னால் மொத்தக் குவியலும் வரும் என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியும். இன்னும் நுட்பமானவர்கள் ஆயிரக்காரரை வெளியேற்றச் சந்தர்ப்பம் கிடைத்தாலும் விட்டுவிடுவார்கள். அவர் உயிரோடு இருக்கும்வரைதானே மற்ற இருவரும் கைகட்டி நிற்பார்கள்? அவரைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் சுற்றுக்குச் சுற்று ப்ளைண்டைக் கறப்பார்கள். இரக்கம் மாதிரி தெரியும். மேசையிலேயே ஆகக் கொடூரமான ஆட்டம் அதுதான்.

நார்வேயின் அனெட் ஓப்ரெஸ்டாட் 2007-இல் 180 பேர் ஆடிய ஓர் இணையப் போட்டியில் திரையில் தன் சீட்டுகளை மறைத்துக்கொண்டு ஆடி ஜெயித்தார். ஒரே ஒரு தடவை மட்டும் எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 18. அதே ஆண்டு லண்டனில் நடந்த ஐரோப்பிய உலகத் தொடரின் முதன்மைப் போட்டியையும் வென்று பத்து லட்சம் பவுண்டு பெற்றார். சீட்டைப் பார்க்காமல் ஜெயித்தது வித்தையல்ல. எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், யாரிடம் எவ்வளவு இருக்கிறது, யார் தயங்குகிறார் என்ற மூன்றை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று அளந்து காட்டினார்.

இணையத்தில் முகம் தெரியாது என்பதால் ஆளைப் படிக்க முடியாது என்று நினைப்பவர்கள் கடிகாரத்தைக் கவனிப்பதில்லை. பபிளை நெருங்கும்போது சின்னக் குவியல்காரர்கள் ஒவ்வொரு கைக்கும் கொடுத்த விநாடிகள் முழுவதையும் தின்பார்கள். வேறு மேசையில் யாராவது முதலில் போய்விட மாட்டார்களா என்று. அதைத் தடுக்கத்தான் எல்லா மேசைகளும் ஒரு கை முடித்து மற்றவற்றுக்காகக் காத்திருக்கும் முறை வந்தது. அப்போதும் ஒருவர் சட்டென்று ஃபோல்ட் செய்கிறார், இன்னொருவர் எட்டு விநாடி எடுத்து ஃபோல்ட் செய்கிறார் என்றால், இரண்டாமவரிடம் ஏதோ இருந்தது, மனசு கேட்கவில்லை என்று அர்த்தம். நல்ல ஆட்டக்காரர் அதைக் குறித்து வைத்துக்கொள்வார்.

இந்தக் கட்டத்தைப் புத்தகமாக்கியவர் டான் ஹாரிங்டன். 1995-இன் உலகச் சாம்பியன். 2003-இல் மணிமேக்கர் ஜெயித்த அதே மேசையில் மூன்றாவதாகவும், அடுத்த ஆண்டு நான்காவதாகவும் வந்தவர். ஹோல்டெம் பற்றி அவர் எழுதிய நூலின் இரண்டாம் பாகம் 2005-இல் வந்தது. முழுக்கக் கடைசி ஆட்டம் பற்றியது. அதில் எம் என்றொரு எண் வரும். பேக்கமன் மேதை பால் மாக்ரியலின் பெயரிலிருந்து எடுத்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு செலவாகுமோ, அதால் கையிருப்பை வகுக்க வேண்டும். ப்ளைண்ட் 1,000, 2,000, அதோடு மேசைக்கு ஆன்ட்டி மொத்தம் 2,000 என்றால் சுற்றுக்கு 5,000. கையில் 30,000 இருந்தால் எம் ஆறு. இருபதுக்கு மேல் இருந்தால் எந்த ஆட்டமும் ஆடலாம். ஆறுக்குக் கீழே போனால் ஆல்-இன், ஃபோல்ட் என்ற இரண்டைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. இன்றைய ஆட்டக்காரர்கள் பெரிய ப்ளைண்டை வைத்தே எண்ணுகிறார்கள், எம் பழைய பாணியாகிவிட்டது. ஆனாலும் தன் ஆயுள் எத்தனை சுற்று என்று நேராகச் சொல்லும் எண் அதுதான் என்பது என் கட்சி.

இப்போது படிப்பு முழுக்கக் கணினியில். சால்வர்கள் என்னும் மென்பொருள்கள், எந்தக் குவியலுக்கு எந்தக் கையைத் தள்ளலாம், எதைக் கால் செய்யலாம் என்று கட்டம் கட்டமாகக் காட்டிவிடும். 2024 உலகத் தொடரின் கடைசி மேசையில் ஜெயித்தவருடைய நண்பர்கள் பார்வையாளர் பக்கம் மடிக்கணினியோடு நின்று ஆலோசனை சொன்னது பெரிய சர்ச்சையானது. எனக்கு அதில் கோபத்தைவிடச் சலிப்புதான் வந்தது. ஐசிஎம் கணக்குக்கே தெரியாத விஷயங்கள் எத்தனையோ. அடுத்த கையில் பெரிய ப்ளைண்ட் யார் தலையில் விழப்போகிறது என்று அதற்குத் தெரியாது. நான்கு பேரில் யார் கெட்டிக்காரர் என்றும் தெரியாது. முன்னேற நினைப்பவர்கள் தோற்ற ஆல்-இன்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துத் துர்பாக்கியத்தை நொந்துகொள்கிறார்கள். யோசிக்காமல் தாண்டிப் போன கைகளில்தான் பாடம் இருக்கிறது: கடைசி இருக்கையில் உட்கார்ந்து எல்லோரும் விட்டுக்கொடுத்த பிறகும் தள்ளாமல் விட்ட ராஜா-எட்டு, பெருமைக்காகக் கால் செய்த ஏஸ்-ஒன்பது.

ஒருவர் ஒருவராகப் போய் இருவர் மட்டும் மிஞ்சும்போது வேடிக்கையான ஒன்று நடக்கும். இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதியாகிவிட்டது. இனி போட்டி வித்தியாசத் தொகைக்கு மட்டும். சிப்ஸும் பணமும் மறுபடி ஒன்றாகிவிடும். அத்தனை நேரம் பயந்து ஆடப் பழகிய கை சட்டென்று அவிழ வேண்டும். பலருக்கு அவிழாது.

2003-இல் மணிமேக்கருக்கு அவிழ்ந்தது. எதிரே சாம் ஃபர்ஹா, தொழில்முறை ஆட்டக்காரர். நடுச்சீட்டு ஒன்பது, இரண்டு, ஆறு, பிறகு எட்டு. அவற்றில் மூன்று ஸ்பேடு. ஃபர்ஹாவிடம் ராணியும் ஒன்பதும், அதாவது நடுவில் இருப்பதில் பெரிய சீட்டோடு ஜோடி. மணிமேக்கரிடம் ராஜாவும் ஏழும். இன்னொரு ஸ்பேடு வந்தாலும் ஐந்து அல்லது பத்து வந்தாலும் பிழைத்துக்கொள்வார். கடைசிச் சீட்டாக ஆட்டின் மூன்று விழுந்தது. ஒன்றுமில்லை. ஃபர்ஹா செக் என்றார். மணிமேக்கர் ஆல்-இன். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, அசையாத முகம். ஸ்பேடு வராமல் ஏமாந்துவிட்டாயா என்ற பாணியில் ஃபர்ஹா பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். சரியாகத்தான் ஊகித்திருந்தார். இருந்தும் சீட்டை உள்ளே தள்ளிவிட்டார்.

ஃபர்ஹாவைக் கேலி செய்பவர்கள் இன்றும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அந்த மேசையில் மூன்று ஸ்பேடு கிடக்கும்போது வெறும் ஒன்பது ஜோடியை வைத்துப் போட்டியையே பணயம் வைக்க எத்தனை பேர் கை நீட்டுவார்கள்? சிறிது நேரத்தில் ஜாக்கி-பத்து வைத்திருந்த அவரை ஐந்து-நான்கை வைத்து மணிமேக்கர் முடித்தார். ஜாக்கி, ஐந்து, நான்கு என்று நடுச்சீட்டு திறந்தபோது ஃபர்ஹாவால் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. கடைசிக் கையைவிட அந்த ராஜா-ஏழைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.