விசாரணை மேசையும் சிறுகதையும்

புகலிட எழுத்துகளின் தொகுப்பு ஒன்றுக்கு வந்திருந்த கதைகளை வாசித்து அபிப்பிராயம் சொல்லும் பொறுப்பு அண்மையில் எனக்கு வாய்த்தது. அவற்றுள் ஒன்றை முன்வைத்துச் சிறுகதையின் அடிப்படைகள் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். எழுதியவர் யார் என்பது இங்கு முக்கியமல்ல. நம்மில் பலரும் எழுதியிருக்கக்கூடிய கதைதான் அது.

1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் கதை தொடங்குகிறது. பிறகு வன்னி, கொழும்பில் ஒரு லொட்ஜ், ஏஜென்சிக்காரன், மொஸ்கோவில் ஒரு பூட்டிய அறை, எல்லைக் காடு, அகதி முகாம், உணவகத்தில் வேலை. பதினான்காம் பக்கத்தில் தொலைபேசி வருகிறது: அம்மா செத்துப்போனா. அன்றும் அவன் வேலைக்குப் போய் நள்ளிரவுவரை கோப்பை கழுவினான், ஒருவரிடமும் சொல்லவில்லை என்று ஒரேயொரு வசனம். அடுத்து, யுத்தத்தைச் சபிக்கும் நீண்ட பந்தி ஒன்றுடன் கதை முடிந்துவிடுகிறது.

பாடப்புத்தகங்கள் சொல்லும் கூறுகள் யாவும் இதில் உண்டு. பாத்திரம், களம், முரண், கதைப்பின்னல், உச்சம் எதிலும் குறையில்லை. ஆயினும் இது சிறுகதையாகவில்லை. ஏன்?

எட்கர் அலன் போ 1842இல் ஹோதோர்னின் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில், ஒரே இருப்பில் வாசித்து முடிக்கக்கூடியதும் ஒரேயொரு விளைவை நோக்கி எழுதப்படுவதுமான வடிவம் பற்றிப் பேசினார். சிறுகதை பற்றிய நமது பேச்சில் அடிக்கடி வரும் 'ஒருமை' என்ற கருத்துக்கு இது ஒரு முக்கிய ஊற்று. இதைப் பலர் நீளம் பற்றிய விதியாக விளங்கிக்கொண்டுவிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை இது தெரிவு பற்றியது. எதைச் சொல்வது, அதற்காக எதை விடுவது என்ற கேள்விக்கு எழுதுபவர் தரும் பதிலே மற்றைய கூறுகளை ஒன்றாகப் பிணைக்கிறது.

செக்கோவ் 1886இல் எழுதிய ஒரு கதையைப் பாருங்கள். 'துயரம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பீற்றர்ஸ்பேர்க் நகரில் பனிச்சறுக்கு வண்டி ஓட்டும் இயோனா என்ற கிழவனின் மகன் அந்த வாரந்தான் இறந்துபோயிருக்கிறான். யாருக்காவது சொல்லவேண்டும் போலிருக்கிறது. வண்டியில் ஏறிய இராணுவ அதிகாரி ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறான். குடித்துவிட்டு ஏறிய மூன்று இளைஞர்கள் பரிகசிக்கிறார்கள். தங்குமிடத்திலே தண்ணீர் குடிக்க எழும்பிய இளம் வண்டிக்காரன் போர்த்துக்கொண்டு தூங்கிவிடுகிறான். கடைசியில் கிழவன் தொழுவத்துக்குப் போய்த் தன் குதிரைக்குச் சொல்லத் தொடங்குகிறான். கதை அவ்விடத்தில் நின்றுவிடுகிறது.

மகனின் சாவு இக்கதையில் காட்சியாக வருவதேயில்லை. காய்ச்சல், மூன்று நாள் ஆஸ்பத்திரி, மரணம், அவ்வளவுதான். செக்கோவ் தெரிந்தெடுத்தது இழப்பை அல்ல. கேட்க ஒரு செவி கிடைக்காமையை. இயோனா குதிரைக்குச் சொன்னதில் சில வரிகளை மட்டுமே அவர் எழுதுகிறார். மீதியை வாசகரிடம் விட்டுவிடுகிறார்.

நமது கதையிலும் ஒரு இயோனா இருக்கிறான். அம்மா செத்த அன்று கோப்பை கழுவியபடி வாய் திறக்காமல் நின்றவன் அவன்தான். பதினான்கு பக்கங்களில் அவனுக்குக் கிடைத்தது ஒரு வசனம்.

இது திறமைக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நாம் நமது வாழ்வை முதன்முதலில் முழுமையாகச் சொன்ன இடம் அகதி விசாரணை மேசை. நானும் அதன் முன் இருந்தவன். அங்கே திகதி பிசகக்கூடாது. வழியில் ஓர் ஊரை விட்டால் சந்தேகம், ஒரு சம்பவத்தைப் பின்னர் சேர்த்தால் பொய். எல்லாவற்றையும், வரிசையாக, நிரூபிக்கும் தொனியில் சொல்லவேண்டும். அந்த வடிவம் நம் கைக்குள் புகுந்துவிட்டது. கதை எழுத அமர்ந்தாலும் எதிரே அந்த அதிகாரி இருக்கிறார். சிறுகதையின் வாசகர் அவரல்லர். இவருக்கு நிரூபணம் தேவையில்லை.

ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவேன். இவ்வளவு இழந்தவனிடம் போய் உருவம் கேட்பதா? உருவமா உள்ளடக்கமா என்று ஈழத்தில் தசாப்தங்களாக நடந்த விவாதத்தின் நிழல் இது. சாட்சியம் அவசியமானது. அது சாட்சியமாகவே, ஒரு திகதியும் விடுபடாமல் பதிவாகவேண்டும். ஆனால் சாட்சியத்துக்குச் சிறுகதை என்று பெயரிட்டால், சாட்சியம் புனைவென்ற சந்தேகத்துக்கு ஆளாகிறது. கதையோ அனுதாபத்தின் தயவில் பிழைக்கிறது. இரண்டுக்கும் நட்டம்.

தெரிவு செய்வதால் அரசியல் போய்விடும் என்ற பயமும் தேவையற்றது. 1989இல் வெளிவந்த 'மோகவாசல்' தொகுப்பின் ரஞ்சகுமார், 'கோசலை' கதையில் போராடப் போன பிள்ளைகளின் பின்னால் போகவில்லை. தாயோடு வீட்டில் நின்றார். காட்டுக்குப் போன இராமனை விட்டு, வீட்டிலிருந்த கோசலையைத் தலைப்பாக்கியதிலேயே நோக்குநிலை தீர்மானமாகிவிடுகிறது. யுத்தம் அந்த வீட்டுக்குள் முழுதாக வந்துவிடுகிறது.

அந்த ஒரு வசனத்திலிருந்து கதையை மீண்டும் எழுதும்படி நண்பருக்குக் கடிதம் போட்டேன். 'எல்லாமே நடந்தது. எதை வெட்டச் சொல்கிறீர்கள்?' என்று பதில் வந்தது. அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. வெட்டும்படி நான் கேட்கவில்லை. பதின்மூன்று பக்கங்களையும் சாட்சியமாகத் தனியே வைத்திருங்கள். கோப்பைத் தொட்டிக்கு முன்னால் நின்ற அந்த இரவை மட்டும் எங்களுக்கு எழுதித் தாருங்கள். அவன் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. அதை அறியவே அந்தக் கதையை வாசிக்க விரும்புகிறேன்.