படத்தை விட்டுவிடும் விவேகம்

திரைப்படம், ஒலி, ஓவியம் என்ற மூன்று துறைகளிலும் ஒருங்கே இயங்கும் இன்றைய இந்தியக் கலைஞர்களைப் பற்றி நம்மவர்கள் பேசத் தொடங்கினால், யார் எத்தனை திரைகளை நிறுத்தினார்கள், எத்தனை ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டார்கள் என்ற கணக்கிலேயே பொழுது போய்விடுகிறது. ஆட்டத்தின் போக்கை நிர்ணயிக்கிற தீர்மானமோ அந்தக் கணக்குக்குள் அகப்படுவதே இல்லை. படம் செவ்வனே ஓடிக்கொண்டிருக்கும்போது, பார்க்கிறவனுடைய கண் அதில் லயித்துவிட்ட சமயம் பார்த்து, திரையை இருளாக்கி, ஒலியை மட்டும் தொடரவிடுகிற தீர்மானத்தையே சொல்கிறேன். இதை மந்தம் என்பார்கள் சிலர். பணத்தட்டுப்பாடு என்பார்கள் வேறு சிலர். மேல்நாட்டுப் பாவனை என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லி எழுந்து போகிறவர்களும் உண்டு. மூன்று அபிப்பிராயங்களும் பிசகு என்பது என் கட்சி. அதை வாதிப்பதற்குத் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் விடப் பொருத்தமான ஊர் வேறில்லை என்பதும் என் கட்சியே.

நான் மனத்தில் வைத்திருப்பது ஒரே ஒரு கலைஞரை. பெயர் வேண்டாம், இந்தத் துறையைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு அது அவசியமும் இல்லை. உறையூர்க் கைத்தறியைப் பற்றி அவர் செய்திருக்கும் மூன்று திரைப் படைப்பில், இரு ஓரங்களிலும் பாவு நூல் அசைவதும் சுவரில் வெயில் நகர்வதுமாக இருக்க, நடுத்திரையில் குழித்தறியில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவரின் கைகள் மாத்திரம் தெரிகின்றன. கயிற்றை இழுக்கிறார், நாடா ஓடுகிறது, பன்னை வந்து அடிக்கிறது, மிதி மாறுகிறது. இந்த நாலு ஓசையும் ஒரு தாளமாகி நம் முழங்காலில் வந்து சேர்கிற நேரத்தில் பாவில் ஓர் இழை அறுகிறது. கை நிற்கிறது. விரல்கள் அறுந்த நுனியைத் தேடிப் புறப்படுகின்றன. அவை நுனியைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் மூன்று திரைகளும் அணைந்துவிடுகின்றன. இருட்டில் நமக்கு மிஞ்சுவது மூச்சுச் சத்தம், நூலை ஈரப்படுத்தும் உதட்டின் சிறு ஓசை, முடிச்சு இறுகும்போது எழுகிற, உண்டோ இல்லையோ என்ற ஒரு சப்தம். பிறகு தறி மறுபடி ஓடத் தொடங்குகிறது. அதுவும் எதிரிலிருந்து கேட்காமல் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கிறது. படம் திரும்பி வருவதற்குள் தறி வெகுதூரம் நெய்துவிட்டிருக்கிறது.

இங்கேதான் ரசிகர்களில் பாதிப்பேர் கருவி பழுதாகிவிட்டது என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள். திரும்பிப் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் அவர்களுக்கு வழிகாட்ட வேண்டிய விமரிசகர்களும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கலைஞர் எந்த இடத்தில் அணைத்தார் என்று ஒருவராவது கேட்டாரா? தாளம் உச்சத்தில் இருந்தபோது அணைத்திருந்தால் அது வெறும் சாகசமாகியிருக்கும். ஆரம்பத்திலேயே இருட்டை வைத்திருந்தால் அது பூஜைக்கு முன் மணியடிப்பதைப் போன்ற ஒரு சடங்காக முடிந்திருக்கும். வேலை தடைப்பட்ட இடத்தில், நெசவாளியின் திறமை முழுவதும் கண்ணை விட்டு விரல் நுனிக்கு இறங்கிவிட்ட அந்தக் கணத்தில் அணைத்தார். முடிச்சுப் போடுகிற அந்த முதியவரும் கண்ணை நம்பிப் போடவில்லை, தொட்டுத்தான் போடுகிறார் என்ற உண்மையை, வசனமோ விளக்கவுரையோ இல்லாமல் நம் புலன்களுக்கே தெரியச் செய்கிற பிரயோகம் அது. காட்டக்கூடியதைக் காட்டாமல் விடுவதற்குக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய ஓரத் திரைகளில் வெயில் நகர்கிற அழகைப் பார்த்த எவனும் அவருக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று சொல்லத் துணியமாட்டான்.

மேல்நாட்டுப் பாவனை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மார்கழியில் ஸ்ரீரங்கத்துப் பகல்பத்தின்போது, அர்ஜுன மண்டபத்தில் நம்பெருமாள் எழுந்தருளியிருக்க, அரையர் சேவையை ஒரு முறையேனும் ஊன்றிச் சேவித்தவர்கள் இந்தக் குற்றச்சாட்டை எப்படிச் சொல்ல மனம் வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நாதமுனிகள் வகுத்தது என்று சம்பிரதாயம் போற்றும் அந்தச் சேவையில் பக்கவாத்தியம் கிடையாது. தலையில் குல்லாய், கையில் தாளம், அவ்வளவுதான். பாசுரத்தை இசையோடு விண்ணப்பம் செய்வது ஒன்று, அதற்கே அபிநயம் காட்டுவது ஒன்று, தம்பிரான்படி வியாக்கியானம் சொல்வது ஒன்று என்று ஒரே பொருள் காதுக்கும் கண்ணுக்கும் புத்திக்கும் தனித்தனியே பரிமாறப்படுகிறது. அதிலுள்ள முத்துக்குறி என்ற பகுதியில் ஒருவரே தாயும் கட்டுவிச்சியும் மகளுமாகி நிற்கும்போது, மற்றவற்றையெல்லாம் நாமே இட்டு நிரப்பிக்கொள்ளும்படி விட்டுவிடுகிறார்கள். இராப்பத்து இரவுகளில் வீணை ஏகாந்தம் ஒலிக்கையில், அத்தனை பெரிய கோயிலும் ஒரு தந்தியின் அளவுக்குத் தன் சப்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. புலன்களைப் பிரித்துவைத்து ஒவ்வொன்றாக விழிக்கச் செய்கிற வித்தை நமக்குக் கப்பலில் வந்து சேர்ந்ததல்ல.

சினிமாவும் இவ்வூருக்குப் புதிதல்ல. 1905-ல், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சலனப்படங்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். அக்காலத்துக் கூடாரங்களில் படம் ஊமையாக ஓட, அருகில் நின்று ஒருவர் கதை சொல்வார். படமும் குரலும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து ரசிகனுடைய மனத்தில் கலந்தன. 1939-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியபின், முகம் தெரியாத கச்சேரிகளைக் கேட்டே இந்த ஜில்லாவின் ரசனை வளர்ந்தது. ஓவியர்கள் படச்சுருளைக் கையில் எடுத்த கதையும் பழையதே. ஒரு குடை, ஒரு செருப்பு, ஒரு லாந்தர் ஆகியவற்றை ராஜஸ்தானத்து வெயிலில் வைத்துக் கதையே இல்லாமல் எடுக்கப்பட்ட ‘ஓர் ஓவியனின் கண்களினூடே’ என்ற பிலிம்ஸ் டிவிஷன் படம் 1967-ல் பெர்லினில் தங்கக் கரடிப் பரிசு பெற்றது. பின்னர், பம்பாயில் 1969-ல் தொடங்கிய விஷன் எக்ஸ்சேஞ்ச் ஒர்க்‌ஷாப்பிலிருந்து, கோடுகளையும் புள்ளிகளையும் மட்டுமே கொண்டு, சப்தமே இல்லாமல் ‘சிசிஜி’ என்ற படம் வந்தது. அன்று ஒலியை முழுவதும் விட்டார்கள். இன்று நம் கலைஞர் படத்தை விடுகிறார். வம்சம் ஒன்றுதான்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். இந்த இருட்டு வெகுவிரைவில் நாகரிகமாகும். முதலில் விளம்பரப் படங்கள் அதை எடுத்துக்கொள்ளும், பிறகு வர்த்தக சினிமா எடுத்துக்கொள்ளும், இடத்தை அறியாமல் அணைப்பவர்கள் பெருகுவார்கள். அப்போது இன்று திட்டுகிறவர்களே அதைப் புகழ்வார்கள். கொச்சியில் 2012 முதலும் சென்னையில் 2016 முதலும் நடந்துவரும் இருவருடக் கலைவிழாக்களைக் காட்டிலும், மூடிக்கிடக்கும் ஒற்றைத்திரைக் கொட்டகைகளே இத்தகைய கலைஞர்களுக்கு உகந்த மேடையாகும் என்று எனக்குத் தோன்றுகிறது. வானொலியின் பழைய ஒலிநாடாக்களும், 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனையின் இரும்பு ஓசையும், கொள்ளிடத்து மணலின் மீது காற்றடிக்கும் சத்தமும் அடுத்த தலைமுறையின் மூலப்பொருள்களாகும்.

நம் கலைஞரைப் பற்றி ஒரு ஜோசியம் துணிந்தே சொல்வேன். இனி அவர் படத்தை அணைக்கமாட்டார். எல்லோரும் இருட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கையில், படத்தை நிதானமாக ஓடவிட்டு, ஒலியைச் சட்டென்று நிறுத்துவார்; நாடா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நம் காதுக்குள் நாமே தறியை அடிக்கும்படி செய்வார். அந்தக் காட்சியைக் கண்டதும் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று புகார் எழுதப் போகிறவர்கள் பேனாவை மூடி வைத்திருப்பது நல்லது. அன்று அவரை முதலில் புரிந்துகொள்ளப்போகிறவர்கள் உறையூர் நெசவாளர்களாகத்தான் இருப்பார்கள். விமரிசகர்கள் அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.