பழைய மதுச்சாலைகளும் நாவலாசிரியர்களும்

ஆங்கில நாவல்களைத் தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் தவறாமல் இடறுகிற ஒரு சொல் உண்டு. 'பப்' என்பது அந்தச் சொல். ஒருவர் அதைச் 'சாராயக்கடை' என்று எழுதுகிறார். இன்னொருவர் 'கள்ளுக்கடை' என்கிறார். சற்று நாசூக்கானவர் 'மதுவிடுதி' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். அகராதிப்படி மூன்றிலும் குற்றமில்லை. ஆனால் சாராயக்கடைக்குள் நுழைகிற பாத்திரத்தை நம் வாசகர் ஒரே விதமாகத்தான் பார்ப்பார். இவன் குடும்பத்தைக் கெடுக்கப் போகிறான், மூன்று அத்தியாயங்களுக்குள் மனைவியின் தாலி அடகுக்குப் போய்விடும் என்று முடிவு கட்டிவிடுவார். ஆங்கில நாவலாசிரியனோ அவனைச் சும்மா ஊர்வம்பு கேட்டு வருவதற்காக உள்ளே அனுப்பியிருப்பான். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். ஊருக்குப் பொதுவான வீடு என்று அர்த்தம். மதுவைப் பற்றிய பேச்சே அந்தச் சொல்லில் இல்லை.

இந்தப் 'பொது' என்கிற அடைமொழி எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்கவேண்டும் என்பது எனக்கு வெகுநாளைய ஆசை. லண்டனில் சில வாரங்கள் தங்க நேர்ந்தபோது, மிகப் பழையவை என்று பெயர் பெற்ற மதுச்சாலைகளில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்து, அவற்றோடு சம்பந்தப்பட்ட நாவல்களையும் கையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். அங்கே நான் என்ன குடித்தேன் என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலும் இஞ்சி கலந்த ஒரு பானம். அதற்காக யாரும் என்னை ஏளனமாகப் பார்க்கவில்லை.

லண்டனிலேயே மிகப் பழைய மதுச்சாலை எது என்று கேட்டால் ஏழெட்டுக் கடைகள் கை தூக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தலபுராணம் இருக்கிறது. ஹோல்பர்ன் பகுதியில், இரண்டு ஆள் சேர்ந்து நடக்கமுடியாத ஒரு சந்துக்குள் 'ஓல்ட் மைட்டர்' என்று ஒரு கடை. ஈலி மேற்றிராணியாரின் அரண்மனை வேலைக்காரர்களுக்காக 1546இல் ஏற்பட்டது என்கிறார்கள். ஒரு மூலையில் பழைய செர்ரி மரம் ஒன்றின் அடிமரம். முதலாம் எலிசபெத் ராணி அதைச் சுற்றி நடனமாடினாளாம். ஆனால் கட்டடம் 1772இல் திரும்பக் கட்டியது. தேம்ஸ் நதிக்கரையில் வாப்பிங்கில் இருக்கும் 'பிராஸ்பெக்ட் ஆப் விட்பி' தன் வயதை 1520இலிருந்து கணக்குப் போடுகிறது. அவ்வளவு பழமைக்குச் சாட்சியாக அங்கே காட்டப்படுவது காலின் கீழே இருக்கும் கல் தளம் ஒன்றுதான். புராணம் பழையது, கோபுரம் புதியது என்பது நமக்குத் தெரியாத விஷயமல்ல. அதில் மோசடி எதுவும் இல்லை. 1666ஆம் வருஷத்துப் பெருந்தீயில் மதில்களுக்குள் இருந்த லண்டன் நகரின் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. அதற்கு முந்திய கட்டடத்தை அங்கே தேடுவதே வீண் வேலை.

ப்ளீட் தெருவில் இருக்கும் 'செஷயர் சீஸ்' மட்டும் இந்த விஷயத்தில் யோக்கியமாக நடந்துகொள்கிறது. 1667இல் திரும்பக் கட்டியது என்று பலகையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதன் பிறகு ஆண்ட ராஜாக்களின் பெயர் வரிசை வாசலில் இருக்கிறது. உள்ளே குறுகலான அறைகள், இருண்ட மரச்சுவர்கள், பகலிலும் விளக்கு. 1926இல் இங்கே வளர்ந்த ஒரு கிளி செத்துப்போனதற்கு உலகெங்கும் பத்திரிகைகள் இரங்கல் குறிப்பு எழுதினவாம். எழுத்தாளர்கள் பொறாமைப்படவேண்டிய சாவு.

ஆனால் இந்தக் கடையின் பெருமை கிளியால் வந்ததல்ல, டாக்டர் ஜான்ஸனால் வந்தது. அவர் படம் இருக்கிறது. அவர் உட்கார்ந்ததாக ஒரு மூலையையும் காட்டுகிறார்கள். 1755இல் வெளிவந்த தம் அகராதியை அவர் தயாரித்த வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் ஒரு சங்கடம். ஜான்ஸன் எதைத் தின்றார், யாரைத் திட்டினார், எத்தனை கோப்பைத் தேநீர் குடித்தார் என்பதையெல்லாம் எழுதிவைத்த பாஸ்வெல், இந்தக் கடையின் பெயரை ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. அவர்கள் இருவரும் இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததாக அவர் எழுதுவது அதே ப்ளீட் தெருவில் இருந்த மைட்டர் என்ற வேறொரு கடையை. நான் முன்னே சொன்ன மைட்டர் அல்ல அது. அந்தக் கடை இன்று இல்லை. அழிந்துபோன கடையின் வாடிக்கைக்காரரை அழியாத கடை சுவீகரித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லவேண்டும். 1890களில் கவி யேட்ஸும் அவருடைய நண்பர்களும் செஷயர் சீஸில் கூடிக் கவிதை படித்தது நிச்சயமான விஷயம். அதைச் சொல்லியே அந்தக் கடை திருப்திப்படலாம்.

நகரைவிட்டுப் பாலத்தைக் கடந்து சதர்க் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யமாகிறது. கான்டர்பரிக்கும் தெற்கே உள்ள ஊர்களுக்கும் போகிற வண்டிகள் புறப்பட்ட இடம் அது. ஒரே தெருவில் அடுத்தடுத்து மூன்று விடுதிகள். முதலாவது டாபர்ட். சாஸர் தம் யாத்திரிகர்களைக் கூட்டி உட்காரவைத்தது இங்கே. ஆங்கிலக் கவிதையின் தலைவாசல் என்று சொன்னால் மிகையாகாது. 1873இல் இடித்துவிட்டார்கள். இரண்டாவது ஒயிட் ஹார்ட். டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836இல் மாதத் தொடராக வந்துகொண்டிருந்தபோது, ஸாம் வெல்லர் என்ற வேலைக்காரன் முதன்முதலாக வாசகர் முன் வந்து நின்றது இதன் முற்றத்தில். அவன் வந்த பிறகுதான் தொடரின் விற்பனை விறுவிறுவென்று ஏறியது. 1889இல் அதையும் இடித்துவிட்டார்கள். மூன்றாவது ஜார்ஜ். 'லிட்டில் டாரிட்' நாவலில் அதைப் பற்றி ஒரு சிறு பிரஸ்தாபம் வருகிறது, அவ்வளவுதான். அதுதான் மிஞ்சியிருக்கிறது. அதுவும் முழுசாக இல்லை. 1676இல் ஏற்பட்ட தீவிபத்துக்கு அடுத்த வருஷம் கட்டிய அந்த விடுதியின் இரண்டு பக்கங்களை ரயில்வே கம்பெனி 1889இல் தரைமட்டமாக்கியது. மீதி நின்ற ஒரு பக்கம் 1937இல் நேஷனல் டிரஸ்டின் பாதுகாப்புக்கு வந்தது.

இதிலிருந்து எழுத்தாளன் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று உண்டு. இலக்கியத்தில் இடம் பெற்றதற்காக எந்தச் சுவரும் காப்பாற்றப்படுவதில்லை. சாஸர் எழுதி ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் கழிந்த பிறகும் டாபர்டை ஒருவர் கடப்பாரையால் இடித்திருக்கிறார்.

ஜார்ஜ் விடுதியின் முற்றத்தில் நின்று, மாடியை ஒட்டி ஓடும் மரத் தாழ்வாரங்களை அண்ணாந்து பார்த்தபோதுதான் பிக்விக்கின் அந்த அத்தியாயம் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஸாம் வெல்லர் முற்றத்தில் உட்கார்ந்து பூட்ஸ் துடைக்கிறான். மாடித் தாழ்வாரத்திலிருந்து பணிப்பெண் அறை எண்ணைச் சொல்லிக் கூவுகிறாள். அவன் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. பின்னால் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று விசாரிக்கப்படும்போது, அவன் எந்த முகத்தையும் சொல்வதில்லை. எந்த அறையில் எந்த மாதிரி பூட்ஸ், எந்த அறையில் ஒரு மரக்கால் என்று பாதரட்சைக் கணக்காகவே ஒப்பிக்கிறான். ஒரு சமூகம் முழுவதையும் காலடியிலிருந்து பார்க்கிற பார்வை இது. மேலே எஜமானர்கள், கீழே வேலைக்காரன், நடுவில் திறந்த தாழ்வாரம். இந்த அமைப்பு இல்லாவிட்டால் அந்தக் காட்சியே இல்லை. டிக்கன்ஸின் ஹாஸ்யத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பேச்சை மட்டும் பார்க்கிறார்கள். கட்டடத்தையும் பார்க்கவேண்டும்.

பிக்விக்கை எழுதிய இளைஞனைவிட, 1864-65இல் 'அவர் மியூச்சுவல் பிரெண்ட்' எழுதிய வயதான டிக்கன்ஸ் இந்த விஷயத்தில் ஆழமாகப் போனார் என்பது என் அபிப்பிராயம். அதில் தேம்ஸ் கரையில் ஒரு மதுச்சாலை வருகிறது. லைம்ஹவுஸில் இருக்கும் 'கிரேப்ஸ்' என்ற குறுகிய கடைதான் அதற்கு மாதிரி என்று பலர் கருதுகிறார்கள். பின்புறம் போனால் காலடியில் ஆறு ஓடுகிறது. நாவலில் அந்தக் கடையின் எஜமானி மிஸ் ஆபி. கல்யாணமாகாத, கண்டிப்பான பெண்மணி. யார் எத்தனை கோப்பை குடிக்கலாம், யார் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்பதை அவள்தான் நிர்ணயிக்கிறாள். முரட்டுப் படகுக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி எழுந்து போகிறார்கள்.

ஆற்றில் மிதக்கும் பிணங்களைத் தேடிப் பிழைக்கும் ஹெக்ஸம் என்ற படகுக்காரன்மேல் ஒரு அயோக்கியன் பழி சுமத்துகிறான். மிஸ் ஆபி அந்த அயோக்கியனை விலக்குகிறாள், ஹெக்ஸமையும் விலக்குகிறாள். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. சந்தேகம் போதும். ஹெக்ஸமின் மகள் லிஸ்ஸியைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொல்கிறாள். தகப்பனை விட்டு வந்துவிடு என்று புத்தியும் சொல்கிறாள். அந்தப் பெண் இடிந்துபோகிறாள். குடிக்கக் கூடாது என்று சொன்னதற்கா இவ்வளவு துக்கம்? சாராயக்கடை என்று மொழிபெயர்த்தால் வாசகர் இப்படித்தான் கேட்பார். நல்லதுதானே என்றுகூட நினைப்பார். தகப்பனை ஊரைவிட்டுத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று புரிந்தால்தான் லிஸ்ஸியின் துக்கம் நமக்கு எட்டும். அந்த நதிக்கரையில் பஞ்சாயத்து நடக்கிற இடம் அந்தக் கடை. ஒரே ஒரு சொல் பிசகினால் ஒரு பாத்திரத்தின் துயரம் முழுவதும் எப்படிக் கைநழுவிப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் இங்கே நான் டிக்கன்ஸோடு ஒரு வழக்குப் பேசவேண்டியிருக்கிறது. அவர் காலத்தில் அந்த நதிக்கரையில் நம் நாட்டு மாலுமிகள் இருந்தார்கள். 'லஸ்கர்' என்று அவர்களுக்குப் பெயர். கிழக்கிந்தியக் கப்பல்களில் வேலை பார்த்து வந்து, திரும்பும் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தவர்கள். மிஸ் ஆபியின் கடையில் ஒரு லஸ்கர் உட்கார்ந்திருந்ததாக எனக்கு நினைவில்லை. டிக்கன்ஸ் முடிக்காமல் விட்டுப்போன கடைசி நாவலான 'எட்வின் ட்ரூட்'டின் முதல் அத்தியாயத்தில் ஒரு லஸ்கர் வருகிறான். அபினிக் கிடங்கில் மயங்கிக் கிடக்கிறான். நியாயம் பேசுகிற இடத்தில் அவனுக்கு நாற்காலி கிடையாது, நினைவிழந்த இடத்தில் படுக்கை உண்டு.

இது டிக்கன்ஸ் ஒருவரின் குறை மட்டுமல்ல. அந்தப் பொது வீடுகளே அப்படித்தான் இருந்தன. பிற்காலத்து விக்டோரிய மதுச்சாலைகளைப் பார்த்தால் தெரியும். லாம்ஸ் கான்டூயிட் தெருவில் உள்ள 'லாம்ப்' என்ற கடையில், பரிமாறும் மேடைக்கு மேலே முக உயரத்தில், திருப்பக்கூடிய சிறு கண்ணாடித் தட்டிகள் இன்னும் இருக்கின்றன. பெரிய மனிதர்கள் குடிக்கும்போது பரிமாறுகிறவன் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாதாம். தொழிலாளிக்கு ஒரு பக்கம், கனவானுக்கு ஒரு பக்கம், வாசல் வேறு, விலையும் வேறு. நிறத்தைக் காரணம் காட்டிப் பொது இடங்களில் ஒருவரை விலக்குவது சட்டவிரோதமென்று அந்த நாட்டில் ஏற்பட்டது 1965இல்தான். ப்ளீட் தெருவிலேயே ஒரு மதுக்கடை, மேடையருகே நிற்கும் பெண்களுக்குப் பரிமாற மாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1982இல் நீதிமன்றம் சொல்லித்தான் அது வழிக்கு வந்தது.

ஆகவே, எல்லோரும் சமமாக உட்கார்ந்து பேசிய பழைய பொற்காலம் என்று யாராவது உருகினால் நான் நம்பமாட்டேன். ஜார்ஜ் ஆர்வெல் அப்படி உருகாதவர். 1946 பிப்ரவரியில் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் தமக்குப் பிடித்த பப் ஒன்றைப் பற்றி எழுதினார். பரிமாறும் பெண்களுக்கு வருகிறவர்கள் பெயர் தெரியும், வானொலி இரைச்சல் கிடையாது, பின்னால் குழந்தைகள் விளையாட ஒரு தோட்டம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், அப்படி ஒரு கடை கிடையாது என்று முடித்துவிட்டார். பிற்பாடு ஒரு பெரிய கம்பெனி அவர் சூட்டிய பெயரையே தன் கடைகள் பலவற்றுக்கு வைத்தது. பெயரை எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

அங்கே இப்போது இந்த நூற்றாண்டில் மட்டும் ஆயிரக்கணக்கான பப்புகள் மூடப்பட்டிருக்கின்றன. பழமையைக் காப்பாற்றவேண்டும் என்று குரல் எழுகிறது. காப்பாற்றட்டும். ஆனால் வயதை மட்டும் காட்டிக் காப்பாற்றக் கேட்பது எனக்குப் போதாத வாதமாகப் படுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரேப்ஸில் உட்கார்ந்திருந்தேன். கறுப்பு நிறத்துப் பெண் ஒருத்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். முதியவர் ஒருவர் வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவருடைய கோப்பையை எடுத்து வைத்தாள். மிஸ் ஆபியின் நாற்காலி அவளுக்கு வந்து சேர அந்த ஊருக்கு வெகுகாலம் பிடித்திருக்கிறது. என்னைக் கேட்டால், 1520 என்று எழுதிய பலகையைவிட அவளுக்காக அந்தக் கடை திறந்திருக்கவேண்டும்.